பெருங்குடிக் காற்றில் ஒரு டின் பிஸ்கட்

பிஸ்கட் செய்யச் சொல்லித்தரும் புத்தகங்கள் பெரும்பாலும் ட்ரே ஓவனை விட்டு வெளியே வந்ததும் முடிந்துவிடுகின்றன. ஆறவிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வைக்கவும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். பெருங்குடியில் குடியிருப்பவர்களுக்குப் பாதி வேலை அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. வெண்ணெய் குழைத்து, மைதா சலித்து, பிசைந்து, வட்டம் போட்டு, சுட்டு எடுக்க ஒரு மணி நேரம் போதும். சுட்டதை அடுத்த ஞாயிறு வரை அதே கரகரப்போடு வைத்திருப்பது ஒரு வாரத்து வேலை. அதுவும் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

ஊரின் இருப்பு அப்படி. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். தாண்டினால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், அப்புறம் கடல். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட 1,247 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே ஓ.எம்.ஆர். சாலையும், அதை ஒட்டிய கண்ணாடிக் கட்டடங்களும், எங்களுடையதைப் போன்ற அடுக்குமாடி வீடுகளும். எந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாலும் தண்ணீரைத் தொட்டு வந்த காற்றுதான் உள்ளே நுழையும். ஐப்பசி, கார்த்திகை விடிகாலைகளில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடுவது இங்கே செய்தியே இல்லை. உப்பு ஜாடியில் கட்டி தட்டும். பொரித்த அப்பளம் சாப்பாடு முடிவதற்குள் துவண்டுவிடும். அப்படிப்பட்ட காற்றில்தான், நூறில் இரண்டு மூன்று பங்கு மட்டுமே ஈரம் உள்ள ஒரு பொருளைச் செய்து மேசைமேல் வைக்கிறோம். காற்று அதைச் சும்மா விடுமா?

நன்றாக வெந்த பிஸ்கட்டுக்குள் சர்க்கரையும் மாவுப்பொருளும் இறுகி, கண்ணாடியின் நிலையில் நிற்கின்றன. கடிக்கும்போது எழும் சத்தம் அந்த இறுக்கம் உடைகிற சத்தம். ஈரம் உள்ளே போகப்போக இறுக்கம் தளர்கிறது; சுமார் ஐந்தாறு சதவீதத்தைத் தாண்டும்போது பிஸ்கட் உடையாமல் வளைகிறது. நமுத்துப் போயிற்று என்கிறோம். கெட்டுப்போகவில்லை, ருசி கூட அப்படியேதான் இருக்கிறது. ஆனால் யாரும் இரண்டாவது எடுப்பதில்லை.

ரொட்டி பழசாவது வேறு கதை. பிரெஞ்சு வேதியியலாளர் பூசாங்கோ 1852இல் அதைச் சோதித்துக் காட்டினார்: ஈரம் வெளியே போகாதபடி அடைத்து வைத்தாலும் ரொட்டி விறைத்துப் பழசாகிறது, மறுபடி சூடு காட்டினால் மெதுவாகிறது. அங்கே நடப்பது மாவுப்பொருள் தனக்குள் மறுபடி ஒழுங்குபட்டு இறுகும் காரியம். பிரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். பிஸ்கட்டின் சிக்கலோ முழுக்க முழுக்க வெளியிலிருந்து வருகிற ஈரம். இரண்டையும் ஒன்றாக நினைத்து, செய்த பிஸ்கட்டைத் திறந்த தட்டில் பிரிட்ஜுக்குள் வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சாம்பார் வாடையும் ஏறி, வெளியே எடுத்ததும் வியர்த்தும் போகிறது பாவம்.

என் மாமியார் சாத்தூர்க்காரர். கரிசல் பூமி. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டதற்கு அந்த வறண்ட காற்றும் ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சாத்தூர் சேவும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அதே காற்றில் பிறந்தவை. அங்கே காரச்சேவைச் செய்தித்தாள் பொட்டலத்தில் கட்டி அலமாரியில் போட்டாலும் மறுநாள் காலை மொறுமொறுவென்று இருக்கும் என்பார் அத்தை. சென்னைக்கு வந்த புதிதில், தலைமுறையாகக் கைவந்த முறுக்கு மூன்றாம் நாளே நமுத்துப் போனதைப் பார்த்து, எண்ணெயைச் சந்தேகப்பட்டிருக்கிறார், மாவைச் சந்தேகப்பட்டிருக்கிறார், கைப்பக்குவம் போய்விட்டதோ என்றுகூட மருகியிருக்கிறார். காற்று வேறு என்பது பிறகுதான் பிடிபட்டது. பிடிபட்டதும் அவர் மாற்றிக்கொண்டது செய்முறையை இல்லை. செய்து முடித்த பிறகான நடைமுறையை. ஓடிஜியைத் தொட்டே பார்த்திராத அவரிடமிருந்துதான் பிஸ்கட்டைக் காப்பாற்றும் வித்தையை நான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஆற விடுவது. ட்ரேயிலிருந்து எடுத்த நெய் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி, மேற்புறம் ஆறிவிட்டது என்று நான் டின்னைத் திறந்தபோது அத்தை தடுத்தார்.

"ஏம்மா, மேல தொட்டுப் பாத்து என்ன? அடியத் தொட்டுப் பாரு."

திருப்பினேன். அடிப்பாகத்தில் வெதுவெதுப்பு இருந்தது. தட்டில் பிஸ்கட் இருந்த இடத்தில் வட்ட வட்டமாக மெல்லிய பனிப்பூச்சு.

"இன்னும் மூச்சு விடுது பாரு. இத உள்ள போட்டு மூடுனா அந்த மூச்சுலயே நமுத்துரும்."

அவர் சொன்ன மூச்சு, நடுப்பகுதியில் தேங்கிய ஈரம். சுட்டு முடிந்த பிஸ்கட்டில் ஓரம் காய்ந்திருக்கும், நடுவில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். ஆறுகிற நேரத்தில் அது சமமாகப் பரவி, ஒரு பகுதி ஆவியாக வெளியேறுகிறது. தட்டையான தட்டில் வைத்தால் அடியிலிருந்து வரும் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. அதனால்தான் கம்பி வலை. வலை இல்லாவிட்டால் முறுக்கு எண்ணெய் வடிக்கிற ஜல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் அடுக்கலாம். அத்தை அப்படித்தான் செய்கிறார். குளிர் நாட்டுப் புத்தகங்கள் முழுக்க ஆறட்டும் என்று நிறுத்திக்கொள்கின்றன. இங்கே அதற்கு ஒரு மேல்வரம்பும் உண்டு. ஆறி முடித்த நொடியிலிருந்து பிஸ்கட் வெளிக்காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும். இரவு சுட்டுவிட்டுக் காலையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று படுத்தால் கதை முடிந்தது. முக்கால் மணி, ஒரு மணி நேரம். அடி குளிர்ந்ததும் உடனே உள்ளே. நேரத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. காலை பத்துமணிக்கு மேல் வெயில் ஏறியபின், கடற்காற்று வீசத் தொடங்கும் முன் உள்ள இடைவெளிதான் இந்த ஊரில் பிஸ்கட் ஆறுவதற்கு உகந்தது.

அடுத்தது டின். இதில்தான் அத்தையின் பழக்கம் ஒன்று எனக்கு வெகுநாள் விளங்காமல் இருந்தது. தீபாவளிக்குச் செய்த பட்சணம் முதலில் பெரிய எவர்சில்வர் சம்படத்தில் இருக்கும். பாதியானதும் அதைவிடச் சின்னதற்கு மாற்றுவார். கால்வாசியானதும் இன்னும் சின்னது. எதற்கு இத்தனை பாத்திரம் கழுவ வேண்டும் என்று நினைத்ததுண்டு. பிறகு ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மழைக்காலத்தில் சென்னைக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 22 கிராம் நீராவியைச் சுமந்திருக்கும். அதாவது லிட்டருக்கு 22 மில்லிகிராம். மூன்று லிட்டர் டின்னை ஒருமுறை திறந்து உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறினாலும் நுழைவது 66 மில்லிகிராம்தான். ஒரு நாளில் பத்துமுறை திறந்தால் முக்கால் கிராமுக்கும் குறைவு. டின்னில் 300 கிராம் பிஸ்கட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈரம் மூன்று சதவீதத்திலிருந்து ஆறுக்கு ஏற, ஒன்பது கிராம் தண்ணீர் போக வேண்டும். வந்த ஈரம் அத்தனையையும் பிஸ்கட்டே உறிஞ்சிக்கொண்டாலும் இரண்டு வாரம் ஆகும். இப்போது அதே டின்னில் கடைசி நாலைந்து பிஸ்கட், சுமார் 40 கிராம் மட்டும் மிச்சம். அதை நமுக்க வைக்க ஒன்றேகால் கிராம் போதும். பிள்ளைகள் அதே வேகத்தில் திறந்து திறந்து பார்த்தால் இரண்டே நாள்.

கணக்கு முடிந்ததும் எழுந்து போய்ச் சின்ன சம்படத்தைத் துடைத்து எடுத்தேன். கடைசி பிஸ்கட்டுகள் எப்போதும் சவசவவென்று இருப்பதற்கு அவை பழையவை என்பது மட்டும் காரணமில்லை. அவற்றைச் சுற்றியிருந்த வெற்றிடம் பெரிது. இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிந்தது. திறப்பதால் வரும் கேடு கொஞ்சம். மூடி ஒரு பக்கம் தூக்கியபடி ஓர் இரவு கிடந்தால் உள்ளே வெளியே என்று காற்று ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை திறந்து மூடியதற்குச் சமம் என்று எண்ணவே முடியாது. எங்கள் வீட்டில் அத்தை உரத்துப் பேசுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். பேரனாக இருந்தாலும் சரி, வந்த விருந்தாளியாக இருந்தாலும் சரி, "மூடிய அமுக்கி மூடுய்யா" என்ற குரல் கூடத்திலிருந்து வந்துவிடும்.

மூடி என்பதே ஒரு வரலாறு. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1822இல் ஜோசப் ஹன்ட்லி தொடங்கிய பிஸ்கட் கடை, எதிரே இருந்த விடுதியில் குதிரை வண்டி மாற்றும் பயணிகளுக்கு விற்றுப் பிழைத்தது. வழியில் நொறுங்காமல் இருக்க அவருடைய மகன் தகரப் பெட்டி செய்துகொடுத்தார். பிறகு ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கம்பெனியின் டின்கள் கப்பலேறி உலகெங்கும் போயின. நொறுங்காமல் இருக்கச் செய்த தகரம், கடல் தாண்டிய ஈர நாடுகளில் நமுக்காமல் இருக்கவும் உதவிற்று. இந்தியாவில் 1892இல் கல்கத்தாவின் ஒரு சிறிய வீட்டில் 295 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய பிரிட்டானியாவின் டின்னும், 1937இல் சந்தைக்கு வந்த டால்டாவின் டின்னும் உள்ளிருந்தது தீர்ந்த பிறகுதான் நம் வீடுகளில் உண்மையான வாழ்க்கையைத் தொடங்கின. அத்தை வீட்டிலும் அப்படியொரு சதுர பிஸ்கட் டின் இருந்தது; வட்டமான மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்க வேண்டும். நெம்ப வேண்டியிருந்ததே அதன் அருமை. இன்றைய எவர்சில்வர் சம்படங்களில் பல, பார்க்க அழகாக இருந்தாலும், மூடி தளர்வு. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வாயில் விரித்து அதன்மேல் மூடியை அழுத்தினால் ஓரளவு ஈடுகட்டும். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி, நாலு பக்கமும் கொக்கி மாட்டும் டப்பா இரண்டும் இந்தக் காற்றுக்கு ஏற்றவை. அடியில் செய்தித்தாள் விரிப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். அச்சு மை நெய்யில் எளிதில் ஊறும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலும் 2023இலும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

கடைசிச் சம்படத்துக்கு அத்தை ஒரு துணைப்பொருளும் வைப்பார். ஒரு கைப்பிடி அரிசியை வாணலியில் பொரிகிற பதம் வரை வறுத்து, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் முடிந்து, அடியில் போடுவார். வறுக்காத அரிசி இதற்கு உதவாது. அதிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரம் இருக்கிறது. வறுத்ததுதான் தாகத்தோடு இருக்கும். வாரம் ஒருமுறை மறுபடி வறுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் இதற்கு நேரெதிரான யோசனை ஒன்று வரும்: குக்கீ ஜாடிக்குள் ஒரு துண்டு ரொட்டி போட்டு வையுங்கள், குக்கீ மெதுவாகவே இருக்கும் என்று. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று எலும்பாகக் காய்ந்து கிடக்கும். குக்கீ கல்லாகிவிடும் என்பது அவர்கள் கவலை. அவர்களுக்கு அது சரி. அதை அப்படியே பெயர்த்து நம் பத்திரிகைகளின் சமையல் பக்கத்தில் போடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. கார்த்திகை மாதத்தில் நெய் பிஸ்கட் டின்னுக்குள் ரொட்டித் துண்டைப் போட்டால், அந்த ரொட்டியின் ஈரம் முழுவதையும் பிஸ்கட் குடித்துவிடும், அப்புறம் ரொட்டியில் பூஞ்சையும் பூக்கும். செய்முறை கடல் தாண்டி வந்துவிடுகிறது, அங்கிருக்கும் காற்று கூட வருவதில்லை.

ஆனால் அந்த யோசனைக்குப் பின்னால் உள்ள விதி நம் வீட்டுப் பெண்களுக்கு என்றைக்கோ தெரிந்தது. அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே தூக்கில் போடக் கூடாது. போட்டால் அதிரசம் விறைக்கும், முறுக்கு நமுக்கும். ஈரம் அதிகமுள்ளதிலிருந்து குறைந்ததற்குத் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டும் சமமாகிற வரைக்கும். திராட்சை வைத்த மெதுவான குக்கீயும் கரகரப்பான நெய் பிஸ்கட்டும் அப்படித்தான், ஆளுக்கொரு டப்பா. கருப்பட்டியும் தேனும் சேர்த்த கேழ்வரகு பிஸ்கட் இப்போது பலர் செய்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் கருப்பட்டியில் உள்ள சர்க்கரையின் ஒரு பகுதி ஈரத்தைத் தானாக இழுக்கும் வகையைச் சேர்ந்தது. வெள்ளைச் சர்க்கரை பிஸ்கட்டுக்கு முன்பே அது தளர்ந்துவிடும். அதைக் குறைவாகச் செய்து சீக்கிரம் சாப்பிடுவதுதான் வழி.

நமுத்ததைத் திருப்பிக் கொண்டுவரலாம். 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்து, மறுபடி வலைமேல் ஆறவிட்டால் ஏறிய ஈரம் இறங்கிவிடும்; கரகரப்பு திரும்பும். கொழுப்பு சிக்கடித்துவிட்டால் திரும்பாது. வெளிச்சமும் வெக்கையும் காற்றும் சேர்ந்து நெய்யையும் பருப்பு எண்ணெயையும் மெல்லக் கெடுக்கின்றன. வால்நட் போட்டது சீக்கிரம் கெடும், முந்திரி அதைவிடத் தாங்கும். தேங்காய்ப்பூ போட்டதில் ஈரம் ஏறினால் சோப்பு வாடை வரும். கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னலோரம் அழகுக்கு வைக்கிற பழக்கம் இந்த வெயிலுக்கு ஆகாது, அலமாரிக்குள் இருக்கட்டும். வாடையையும் கொழுப்பு சட்டென்று பிடித்துக்கொள்ளும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது ஜன்னல்களை அடைத்துக்கொண்டு கிடந்தோம். அந்த வாரம் மூடி இறுகாத டப்பாவில் இருந்த வெண்ணெய் பிஸ்கட்டில் புகை வாசம் ஏறிவிட்டது. இறுகிய டின்னில் இருந்தது தப்பித்தது.

இத்தனை பாடுபடாமல், பிசைந்த மாவை உருளையாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது நாலு வட்டம் வெட்டிச் சுட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் செய்கிறேன், மாதக்கணக்கில் நன்றாக இருக்கிறது. சுட்ட பிஸ்கட்டையும் இறுக மூடி ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்ததும் மூடியைத் திறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நம் மழைக்காலக் காற்றில் 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருள்மேலும் பனி படியும். டப்பா வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறந்தால், படிகிற பனி டப்பாவின் மேலோடு போய்விடும்.

ஆனால் ஃப்ரீசரை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை பெருங்குடியையும் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தபோது, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர், மேலே கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் இருந்த மாவு இளகி, புளித்து, வீணானது. அத்தையின் முறைப்படி மூடி வைத்திருந்த டின் அப்படியே இருந்தது. பால் வரவில்லை, கடை திறக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தரைத்தளத்துப் பிள்ளைகளுக்கு அத்தை டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த ஈரத்திலும் அது 'கரக்'கென்று உடைந்தது. பண்டம் செய்து மூடி வைப்பது எதற்காக என்று அவரிடம் நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பிறகு கேட்கத் தோன்றவுமில்லை.

கொரோனா காலத்துக்குப் பின் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் வீட்டிலிருந்தே பிஸ்கட் செய்து விற்கும் பெண்கள் பெருகிவிட்டார்கள். எங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருக்கிறார். அரைக்கிலோவை ஒரே டப்பாவில் அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாடிக்கையாளர்கள் வாரக் கடைசியில் குறைசொல்வதும், மைதாவை மாற்றி, வெண்ணெய் கம்பெனியை மாற்றி அவர் தவிப்பதும் ஐப்பசி தோறும் நடந்தது. சென்ற மழைக்காலத்துக்கு முன் அத்தையும் நானும் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். இப்போது அரைக்கிலோவை எட்டு எட்டாகச் சின்னப் பொட்டலங்களில் ஒட்டி, எல்லாவற்றையும் ஒரு டப்பாவுக்குள் வைத்துக் கொடுக்கிறார். ஒன்றைப் பிரித்தால் மற்றவை மூடியே இருக்கும். சித்திரையில் செய்ததற்கும் கார்த்திகையில் செய்ததற்கும் ஒரே கெடு எழுதுவதையும் நிறுத்திவிட்டார். மழை மாதங்களில் அவர் ஒட்டும் சீட்டில் தேதிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: பொட்டலத்தைப் பிரித்த அன்றே சாப்பிட்டுவிடுங்கள், மீந்தால் ஐந்து நிமிடம் சூடு காட்டுங்கள்.